வைஃபை கனெக்ட் ஆயிடுச்சு... ஆபீஸ் மட்டும் திறக்கலை! வீட்டு ரவுட்டருக்குள் என்ன நடக்கிறது?

2020-க்கு முன்பு ஒரு பிபிஓ ஊழியர் ஸ்ரீரங்கத்து வீட்டில் உட்கார்ந்தபடி நிறுவனத்தின் அழைப்புகளை எடுக்க வேண்டுமானால், லேப்டாப்பை வைஃபையில் இணைத்தால் மட்டும் போதாது. அவருடைய நிறுவனம் மத்திய தொலைத்தொடர்புத் துறையிடம் 1 கோடி ரூபாய்க்கு வங்கி உத்தரவாதம் கொடுத்திருக்க வேண்டும். வீட்டு இணைப்பும் துறை ஏற்றுக்கொண்ட தனி விபிஎன் வழியாகத்தான் போக வேண்டும். கொரோனா ஊரடங்கு நெருங்கிய 2020 மார்ச்சில் இந்த நிபந்தனைகள் தற்காலிகமாகத் தளர்த்தப்பட்டன. அதே ஆண்டு நவம்பர் 5 அன்று உத்தரவாதம், பதிவு எல்லாமே ஒரேயடியாக நீக்கப்பட்டன. 2021 ஜூனில் மிச்சமிருந்த கெடுபிடிகளிலும் பெரும்பகுதி போனது.

வீடும் ஆபீஸ்தான் என்று அரசு ஒப்புக்கொண்டாகிவிட்டது. ஆனால் ஆபீஸில் நெட்வொர்க் டீம் பார்த்துக்கொண்ட வேலை என்ன ஆனது? அது ஹாலில், டிவிக்குப் பக்கத்தில், தூசி படிந்து கிடக்கும் அந்த வெள்ளைப் பெட்டிக்கு மாறிவிட்டது. அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு, சம்பளம் எதுவும் கூடாமல், ஊழியரின் தலையில் விழுந்தது.

திருச்சிக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஸ்ரீரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் தீவு. நகரையும் தீவையும் இணைக்கும் காவிரிப் பாலம் சீரமைப்புக்காக 2022-ன் கடைசி மாதங்களிலிருந்து 2023 மார்ச் வரை மூடப்பட்டபோது, ஆபீஸ் போய்வருவது என்ன பாடு என்று தீவுக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. எல்காட்டின் ஐடி பூங்கா இருக்கும் நவல்பட்டு நகரின் மறுகோடி. பஞ்சப்பூர் டைடல் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டப்பட்டதே 2025-ல்தான். சென்னையிலோ பெங்களூருவிலோ சம்பளம், உத்திர வீதியில் வாசம் என்று வாழ்பவர்களுக்கு அந்த வெள்ளைப் பெட்டிதான் பாலம்.

‘கனெக்டட்’ என்றால் எதோடு?

லேப்டாப் ரவுட்டரோடு சேரும்போது நடப்பது இதுதான். ரவுட்டர் தன் பெயரை நொடிக்குச் சுமார் பத்து முறை காற்றில் சொல்லிக்கொண்டே இருக்கிறது. லேப்டாப் அந்தப் பெயரைக் கண்டுகொண்டதும், இரண்டும் நான்கு செய்திகளில் ஒன்றையொன்று சோதித்துக்கொள்கின்றன. பாஸ்வேர்டு காற்றில் போவதே இல்லை. பாஸ்வேர்டு தெரிந்தவர் மட்டுமே போடக்கூடிய ஒரு கணக்கின் விடைதான் போய்வருகிறது. அது பொருந்தியதும் லேப்டாப் ஒரு முகவரி கேட்கும். ரவுட்டர் 192.168.1.23 என்பதுபோல ஒன்றைத் தற்காலிகமாகக் கொடுக்கும். வெளியே போக வாசல் எது, இணையதளப் பெயரை எண்ணாக மாற்ற யாரைக் கேட்பது என்ற இரண்டு தகவல்களும் கூடவே வரும்.

‘கனெக்டட்’ என்று வரும்போது உறுதியாவது இவ்வளவுதான். இன்டர்நெட் அதற்கு அடுத்த கட்டம். விண்டோஸ் தானாகவே ஒரு சின்ன சோதனைப் பக்கத்தைத் திறக்கப் பார்க்கும், அது கிடைக்காவிட்டால் ‘நோ இன்டர்நெட்’ என்று சொல்லும். ஆபீஸின் சர்வர் அதற்கும் அடுத்த கட்டம். ஆக மொத்தம் மூன்று கதவுகள்: லேப்டாப்பிலிருந்து ரவுட்டருக்கு, ரவுட்டரிலிருந்து வெளி உலகத்துக்கு, அங்கிருந்து நிறுவனத்துக்குள். (ஏழு பிராகாரம் தாண்டிப் பெருமாளைப் பார்க்கும் ஊருக்கு மூன்று கதவு ஒன்றும் அதிகமில்லை.) “நெட் போச்சு” என்று டீம் குரூப்பில் மெசேஜ் போடுவதற்கு முன், எந்தக் கதவு அடைத்திருக்கிறது என்று பார்ப்பதில்தான் பாதி நாள் மிச்சமாகிறது. தப்பான ஆளிடம் புகார் சொல்லிக் காத்திருப்பதுதான் இதில் பெரிய நேர விரயம். ஐடி ஹெல்ப்டெஸ்க் “உங்க நெட்ல பிரச்சினை” என்பார்கள், கேபிள்காரர் “எங்க சைடுல எல்லாம் ஓகே சார்” என்பார், நடுவில் மாட்டிக்கொள்பவர் ஊழியர்.

முதல் கதவைச் சோதிக்க பிரவுசரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று அடித்துப் பாருங்கள். எது சரியான எண் என்பது பெரும்பாலும் ரவுட்டரின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரிலேயே இருக்கும். ரவுட்டரின் லாகின் பக்கம் வந்துவிட்டால் வீட்டுக்குள் எல்லாம் சரி. வரவில்லையென்றால் லேப்டாப்பின் வைஃபை விவரத்தில் ஐபி முகவரியைப் பாருங்கள். அது 169.254 என்று தொடங்கினால், கேட்ட முகவரியை ரவுட்டர் கொடுக்கவே இல்லை, லேப்டாப் தானாக ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். ரவுட்டரை அணைத்து, அரை நிமிடம் விட்டுப் போட்டால் பெரும்பாலும் சரியாகும். அப்படியும் ஆகாவிட்டால் லேப்டாப்பில் அந்த வைஃபை பெயரை ‘ஃபர்கெட்’ செய்துவிட்டு, புதிதாக பாஸ்வேர்டு போட்டு இணைக்கலாம்.

இரண்டாவது கதவுக்கு கம்ப்யூட்டரே வேண்டாம், விளக்கைப் பார்த்தால் போதும். ஃபைபர் இணைப்பில் கண்ணாடி இழை வந்து சேரும் பெட்டியில் ‘எல்ஓஎஸ்’ என்று ஒரு விளக்கு இருக்கும். அது சிவப்பாக மின்னினால் ஒளி வந்து சேரவில்லை. இழை எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது மடங்கியிருக்கிறது. சோபாவை நகர்த்தும்போது பின்னால் இழை நசுங்குவதும் இதில் அடக்கம். சிவப்பு எரியும்போது எத்தனை முறை ரீஸ்டார்ட் செய்தாலும் பயனில்லை. ஆள் வந்தால்தான் ஆகும்.

மூன்றாவது கதவுக்கு எளிய சோதனை மொபைல் ஹாட்ஸ்பாட். போன் டேட்டாவில் ஆபீஸ் திறக்கிறது, வீட்டு வைஃபையில் திறக்கவில்லை என்றால் கோளாறு வீட்டுப் பக்கம். இரண்டிலுமே திறக்கவில்லை, ஆனால் செய்தித் தளங்கள் வருகின்றன என்றால் லேப்டாப்பிலோ ஆபீஸிலோ பிரச்சினை. இதைச் சோதித்துவிட்டு அந்த ஒரு வரியை ஹெல்ப்டெஸ்க்குக்கு எழுதினால், அவர்கள் கேட்கும் முதல் பத்துக் கேள்விகள் மிச்சம்.

ஒரே முகவரி, இரண்டு ஊர்

இந்த மூன்றாவது கதவில் ஒரு விசித்திரமான சிக்கல் உண்டு. நெட்வொர்க் ஆட்களுக்கு இது பழைய கதை, மற்றவர்களுக்குப் பேய்க் கதை. விபிஎன் கனெக்ட் ஆகிவிடும். இமெயில் வரும். ஆனால் ஆபீஸில் இருக்கும் ஒரு ஃபைல் சர்வர் மட்டும் திறக்காது.

காரணம் இது. 192.168 என்று தொடங்கும் முகவரிகள் வெளி உலகில் செல்லாது, யார் வேண்டுமானாலும் தங்கள் கட்டடத்துக்குள் பயன்படுத்திக்கொள்ளலாம். ‘தெற்குத் தெரு’ மாதிரி. எல்லா ஊரிலும் ஒன்று இருக்கும், ஊருக்குள் குழப்பம் வராது. உங்கள் வீட்டு ரவுட்டர் 192.168.1 என்ற தெருவை வைத்திருக்கிறது, ஆபீஸும் அதே பெயரில் தெரு வைத்திருக்கிறது என்று வையுங்கள். விபிஎன் இரண்டு ஊர்களையும் இணைத்துவிடுகிறது. இப்போது 192.168.1.10-க்குப் போக வேண்டும் என்று லேப்டாப் கேட்டால், அது பக்கத்திலேயே, வீட்டுக்குள் தேடுகிறது. அங்கே இருப்பது உங்கள் ஸ்மார்ட் டிவியாகக்கூட இருக்கலாம். சின்ன நிறுவனங்களில் இது அதிகம் நடக்கும், ஏனென்றால் ஆபீஸிலும் கடையில் வாங்கிய ரவுட்டரை அப்படியே மாட்டியிருப்பார்கள். தீர்வு ஐந்து நிமிட வேலை: வீட்டு ரவுட்டரின் செட்டிங்கில் லேன் முகவரியை 192.168.57.1 போல யாரும் அதிகம் வைக்காத ஒன்றாக மாற்றிவிடலாம். வீட்டுக் கருவிகள் மறுபடி இணையும்போது புது முகவரியைத் தாமே வாங்கிக்கொள்ளும்.

விபிஎன் போட்டால் வீட்டு பிரிண்டர் வேலை செய்யாது, யூடியூப் தடுமாறுகிறது என்பது வேறு கதை. அது கோளாறு இல்லை. லேப்டாப்பின் மொத்தப் போக்குவரத்தும் ஆபீஸைச் சுற்றிப் போகும்படி நிறுவனம் அமைத்திருக்கிறது. ஸ்ரீரங்கத்திலிருந்து பார்க்கும் வீடியோ சென்னை போய்த் திரும்பி வருகிறது. நிறுவனத்தின் பாதுகாப்புக்காக வைத்த ஏற்பாடு, அதை நீங்களாக மாற்றப் போனால் வம்பு.

நீள வீடும் ஐந்து ஜிகாஹெர்ட்ஸும்

வீதியை ஒட்டிக் குறுகிய முகப்பு, உள்ளே போகப் போக முற்றம், கூடம், சமையலறை, கொல்லை என்று நீளும் வீடுகள் ஸ்ரீரங்கத்தின் பழைய வீதிகளில் இன்னும் உண்டு. செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்து எழுப்பிய தடித்த சுவர்கள். வெயிலுக்கு அருமை. வைஃபைக்கு எமன்.

ஃபைபர் வீதிக் கம்பத்திலிருந்து வருவதால், பொருத்த வருபவர் முதல் அறையிலேயே பெட்டியை மாட்டிவிட்டுப் போய்விடுவார். வேலை பார்க்கும் இடமோ சத்தமில்லாத பின்கட்டு, அல்லது மாடி. நடுவில் இரண்டு மூன்று சுவர். இன்றைய ரவுட்டர்கள் இரண்டு அலைவரிசைகளில் பேசுகின்றன. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், சுவரையும் ஓரளவு தாண்டும், வேகம் குறைவு. 5 ஜிகாஹெர்ட்ஸ் வேகம், ஆனால் தடித்த சுவரைக் கண்டால் சுருண்டுவிடும். இந்தியாவில் 2.4-ஐ உரிமம் இல்லாமல் பயன்படுத்த 2005-லேயே அனுமதி கிடைத்தது. 5 ஜிகாஹெர்ட்ஸில் பெரும்பகுதி தாராளமாகத் திறந்துவிடப்பட்டது 2018 அக்டோபரில். அதனால் பத்து வருடப் பழைய ரவுட்டர் இன்னும் ஓடுகிறது என்றால் அதில் 5 இல்லாமலே இருக்கலாம்.

2.4-க்கு இன்னொரு தொல்லை. அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. சுவரோடு சுவர் ஒட்டிய வீதியில் உங்கள் லேப்டாப் காட்டும் வைஃபை பெயர்களை எண்ணிப் பாருங்கள், இருபது தேறும். அத்தனையும் அந்த மூன்று பாதையில்தான் நெரிசல் படுகின்றன. மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசைதான். 100 எம்பிபிஎஸ் பிளான் போட்டும் பின்கட்டில் மீட்டிங் உறைந்து நிற்பது இதனால்தான். காசு கொடுத்த 100 எம்பிபிஎஸ் முன்ஹால் வரை வருகிறது, அதற்குப் பிறகு வருவது மிச்சம். ஒரு நல்ல வீடியோ மீட்டிங்குக்கு 3 - 4 எம்பிபிஎஸ் தடையில்லாமல் கிடைத்தாலே போதும். பிளானை 300-க்கு உயர்த்தினால் இந்த நோய் தீராது.

பலர் உடனே ஓடுவது எக்ஸ்டெண்டர் வாங்க. விலை மலிவான எக்ஸ்டெண்டர்கள் கேட்பதையும் திருப்பிச் சொல்வதையும் ஒரே அலைவரிசையில் செய்வதால் வேகத்தில் பாதியைத் தின்றுவிடும். மெஷ் நல்லதுதான், செலவு அதிகம். இவை எல்லாவற்றுக்கும் முன் யோசிக்க வேண்டிய பொருள் ஒன்று இருக்கிறது, அதை விளம்பரம் செய்ய யாரும் இல்லாததால் மறந்துபோனது: லேன் கேபிள். கேட்6 வயர் 100 மீட்டர் வரை வேகம் குறையாமல் போகும். ஸ்ரீரங்கத்து வீடு எவ்வளவு நீளமானாலும் அதற்குள் அடங்கும். முற்றத்து ஓரமாக ஒரு வயரை இழுத்துப் பின்கட்டு வரை கொண்டுவந்துவிட்டால், பக்கத்து வீட்டு ரவுட்டர், மைக்ரோவேவ், சுண்ணாம்புச் சுவர் எதுவும் ஒன்றும் செய்ய முடியாது. மெல்லிய லேப்டாப்களில் அதற்கான துளை இல்லையென்றால் யூஎஸ்பி-சி அடாப்டர் ஒன்று தேவைப்படும். வயர் பார்க்க அழகில்லை என்று வீட்டில் சொல்வார்கள். உண்மைதான்.

இதோடு மாதாந்திர பராமரிப்பு. ‘நாளை மின் நிறுத்தம்’ என்று பேப்பரில் ஏரியா பெயர் வந்தால் காலை பத்து மணிவாக்கில் போகும் கரன்ட் சாயங்காலம்தான் வரும். லேப்டாப்புக்கு பேட்டரி இருக்கிறது, ரவுட்டருக்கு இல்லை. கண்ணாடி இழையில் வரும் ஒளிக்கு உங்கள் வீட்டு மின்சாரம் தேவையில்லை, பெட்டிக்குத்தான் தேவை. பெரும்பாலான பெட்டிகள் 12 வோல்ட்டில் ஓடுபவை. அதற்கென்றே கிடைக்கும் மினி யூபிஎஸ் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும். வாங்கும் முன் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர் இரண்டையும் ஒப்பிட்டுவிடுங்கள். ஃபைபர் பெட்டி தனி, ரவுட்டர் தனி என்றால் இரண்டுக்கும் மின்சாரம் வேண்டும் என்பதைப் பலர் முதல் பவர் கட்டில்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

ரவுட்டருக்கு இரண்டு பூட்டு

வைஃபை பாஸ்வேர்டு எல்லோருக்கும் தெரியும். ரவுட்டருக்குள் நுழைந்து செட்டிங்கை மாற்றும் பாஸ்வேர்டு வேறு. பல வீடுகளில் அது பெட்டி வந்த நாளில் இருந்த ‘அட்மின்’ என்பதாகவே இருக்கிறது. வைஃபைக்குள் வந்த எவரும் அதைத் திறந்து, இணையதளப் பெயர்களை எண்ணாக்கும் முகவரியை மாற்றிவிட்டால், நீங்கள் சரியான பெயரை அடித்தாலும் போலிப் பக்கத்துக்குக் கொண்டுபோக வழி கிடைத்துவிடும்.

இது கற்பனை பயம் இல்லை. 2018 மே மாதம் ‘விபிஎன்ஃபில்டர்’ என்ற தீநிரல் 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் கருவிகளுக்குள் புகுந்திருப்பதை சிஸ்கோவின் டாலோஸ் குழு வெளியிட்டது. அவற்றில் பெரும்பாலானவை வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் இருந்த ரவுட்டர்கள். ரவுட்டரை ஒருமுறை ரீபூட் செய்யுங்கள் என்று அமெரிக்காவின் எஃப்பிஐ பொதுமக்களைக் கேட்டுக்கொள்ள நேர்ந்தது.

எனவே அட்மின் பாஸ்வேர்டை மாற்றுவது, ‘டபிள்யூபிஎஸ்’ பட்டனை செட்டிங்கில் அணைப்பது, பாதுகாப்பு வகையில் டபிள்யூபிஏ3 இருந்தால் அதை, இல்லாவிட்டால் டபிள்யூபிஏ2-வைத் தேர்வது, ஃபர்ம்வேர் அப்டேட் பார்ப்பது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போதும். வைகுண்ட ஏகாதசிக்கு வரும் உறவுக்காரர்கள் பத்துப் பேருக்கும் வைஃபை வேண்டும்தான். அதற்கு ‘கெஸ்ட் நெட்வொர்க்’ என்று தனிப் பெயரில் ஒன்றைத் திறந்துவிடலாம். அதில் இருப்பவர்களுக்கு இன்டர்நெட் கிடைக்கும், ஆபீஸ் லேப்டாப் இருக்கும் பக்கம் எட்டிப் பார்க்க முடியாது. பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுத்த பாஸ்வேர்டையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளவும். அவன் போனிலிருந்து என்ன போனாலும் வெளியே பதிவாவது இணைப்பு வாங்கியவர் பெயரில்தான்.

சட்டம் இங்கே யாரைப் பிடிக்கும்? 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் அமைப்பு பிறப்பித்த உத்தரவுப்படி, சைபர் தாக்குதல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனம் தகவல் தர வேண்டும். (விபிஎன் நடத்துபவர்கள் வாடிக்கையாளர் விவரத்தை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று சர்ச்சையானதும் அதே உத்தரவுதான். நிறுவனங்கள் தம் ஊழியர்களுக்காக வைத்திருக்கும் விபிஎன்களுக்கு அது பொருந்தாது என்று பிறகு விளக்கம் தரப்பட்டது.) 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தரவைக் காக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். கட்ட வேண்டியது நிறுவனம், ஊழியர் அல்ல. ஆனால் அவ்வளவு பெரிய தொகை தலைக்கு மேல் தொங்கும்போது, கசிவு எந்த வீட்டு ரவுட்டர் வழியாக நடந்தது என்று நிறுவனம் விசாரிக்காமல் விடாது. வீட்டிலிருந்து வேலை செய்வதற்கான பாலிசி என்று ஹெச்ஆர் அனுப்பிய பிடிஎஃபில் ‘பாதுகாப்பான இணைப்பை ஊழியரே உறுதிசெய்ய வேண்டும்’ என்ற மாதிரி ஒரு வரி இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பது நல்லது.

செலவு யாருடையது?

நவல்பட்டு பூங்கா போன்ற சிறப்புப் பொருளாதார மண்டலங்களில் இருக்கும் நிறுவனங்களுக்கு, வீட்டிலிருந்து வேலை தர 2022 ஜூலையில் 43ஏ என்ற விதி வந்தது. முதலில் பாதி ஊழியர்கள் வரை என்றிருந்த வரம்பு, அந்த ஆண்டு டிசம்பரிலேயே எல்லோரும் என்று விரிந்தது. அந்த ஏற்பாட்டில் லேப்டாப் போன்ற கருவிகளும், விபிஎன் மாதிரியான பாதுகாப்பான இணைப்பும் நிறுவனத்தின் பொறுப்பு. அதாவது மூன்றாவது கதவு நிறுவனத்துடையது என்பதில் குழப்பமில்லை. முதல் கதவும் இரண்டாவது கதவும் வேலை ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். இன்டர்நெட் அலவன்ஸ் தரும் நிறுவனங்கள் பல உண்டு. ரவுட்டருக்கும் யூபிஎஸ்ஸுக்கும் அதில் இடம் இருக்கிறதா என்று கேட்பவர்கள்தான் குறைவு. கேட்கலாம், தப்பில்லை.

ஆபீஸ் வைத்திருக்கும் லீஸ்டு லைனுக்கும் வீட்டு பிராட்பேண்டுக்கும் வித்தியாசம் விலை மட்டுமில்லை. லீஸ்டு லைன் ஒப்பந்தத்தில் இத்தனை மணி நேரத்துக்குள் சரிசெய்வோம் என்ற உத்தரவாதம் இருக்கும். வீட்டு இணைப்பில் ‘100 எம்பிபிஎஸ் வரை’ என்பதில் அந்த ‘வரை’தான் முக்கியமான சொல். டிராய் கணக்கில் 2 எம்பிபிஎஸ் வந்தாலே அது பிராட்பேண்ட், அந்த வரம்பே 2023 ஜனவரியில்தான் 512 கேபிபிஎஸ்ஸிலிருந்து உயர்ந்தது.

அதற்காக வாடிக்கையாளருக்கு வழியே இல்லை என்றில்லை. கேபிள்காரரின் வாட்ஸ்அப்பில் மட்டும் சொல்லிவிட்டு இருப்பது தப்பு. நிறுவனத்தின் கஸ்டமர் கேரில் புகாரைப் பதிந்து டாக்கெட் எண்ணை வாங்க வேண்டும். அந்த எண் இருந்தால்தான் அடுத்த படி. குறித்த காலத்தில் சரியாகாவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் கட்டணமில்லாமல் போகலாம், அவர் 39 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சாலை தோண்டும்போது கேபிள் அறுபடுவதைக் குறைக்க 2023 மார்ச்சில் மத்திய அரசு ‘கால் பிஃபோர் யூ டிக்’ என்று ஓர் ஆப் கொண்டுவந்தது. தோண்டுபவர் முன்கூட்டியே சொன்னால், அங்கே கேபிள் வைத்திருப்பவருக்குத் தகவல் போகும். பொக்லைன் ஓட்டுபவருக்கு அதை யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

அந்த 39 நாட்களும் லாகின் ஆக வேண்டுமே. வீட்டு ஃபைபர் எந்த நிறுவனமோ, அதிலிருந்து வேறு நிறுவனத்தின் சிம் ஒன்றைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நிறுவனத்தின் ஃபைபரும் சிம்மும் வைத்திருந்தால், அந்தப் பகுதிக்கு வரும் முதன்மைக் கேபிள் அறுபடும் நாளில் இரண்டும் சேர்ந்தே போக வாய்ப்பு அதிகம். ஹாட்ஸ்பாட்டில் ஒருமுறை விபிஎன் போட்டு, ஆபீஸ் திறக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடலாம். சில நிறுவனங்களின் விபிஎன் மொபைல் டேட்டாவில் தனி அனுமதி கேட்கும். அந்த அனுமதியை வாங்க ஹெல்ப்டெஸ்க்குக்கு மெயில் போட வேண்டும், நெட் இருக்கும்போதே.